கண்ணும் கருத்தும்: முழுக்கவனம் ஒரு தொழில் தலைவரை எப்படி உருவாக்குகிறது

ஒருவர் தம் வேலையில் முழுமையாக ஈடுபட்டிருப்பதைச் சொல்ல, 'கண்ணும் கருத்துமாக இருக்கிறார்' என்கிறோம். இந்த வழக்கு மிக நுட்பமானது. கண் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்து வேறெங்கோ போய்விடக்கூடும் என்று தெரிந்ததால்தான், இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதைத் தனியே சொல்ல நமக்கு ஒரு தொடர் தேவைப்பட்டிருக்கிறது. தொழில் உலகில் இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற பெயரில் பேசப்படுவது, அடிப்படையில், இந்த இரண்டையும் ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சிதான். களைத்த மனதுக்கு இதம் தரும் ஓய்வு முறை என்று மட்டுமே பலர் அதை எண்ணுகிறார்கள். ஒரு தொழிலை நடத்துபவரின் படைப்பாற்றலுக்கும், அவர் பிறரை வழிநடத்தும் முறைக்கும் அது எப்படி அடித்தளமாகிறது என்பதை, தியானம் என்று எதையும் இதுவரை செய்து பார்த்திராதவருக்கும் புரியும்படி விளக்க முயல்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதைத் தமிழில் 'நினைவாற்றல்' என்று சிலர் எழுதுகிறார்கள். படிப்பவர் அதை ஞாபக சக்தி என்று எடுத்துக்கொள்கிறார். 'மனநிறைவு' என்று எழுதுபவர்களும் உண்டு; அது திருப்தியைக் குறிக்கும் சொல். 'விழிப்புணர்வு' பொருத்தமான சொல்தான் என்றாலும், சாலைப் பாதுகாப்பு முதல் டெங்கு ஒழிப்பு வரை எல்லாப் பிரசாரங்களும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆகவே இங்கே 'முழுக்கவனம்' என்றே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது பௌத்த நூல்களின் பாலி மொழிச் சொல்லான 'ஸதி'. வடமொழியின் 'ஸ்மிருதி'யோடு உறவுடைய அச்சொல்லின் நேர்ப்பொருள் நினைவு. மயங்கி விழுந்தவர் கண் விழித்தால், 'நினைவு திரும்பிவிட்டது' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அங்கே நினைவு என்பது பழைய செய்திகளின் ஞாபகம் அன்று. தான் இங்கே இருக்கிறோம் என்ற உணர்வு. 'ஸதி' என்ற சொல்லிலும் இந்தச் சாயல்தான் முதன்மையானது. நான் இப்போது இங்கே இருக்கிறேன், இதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதை மறவாதிருப்பதே அது.

இந்தப் பயிற்சியைச் சமயச் சடங்குகளிலிருந்து பிரித்து மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக, 1979-இல் அவர் தொடங்கிய திட்டம் பின்னர் 8 வாரப் பயிற்சியாக உலகெங்கும் பரவியது. அவர் தரும் விளக்கத்தில் மூன்று கூறுகள் உண்டு: கவனம் வேண்டுமென்றே செலுத்தப்பட வேண்டும்; இந்தக் கணத்தில் நடப்பதன் மேல் செலுத்தப்பட வேண்டும்; நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் செலுத்தப்பட வேண்டும். மூன்றாவது கூறுதான் கடினமானது. தொழில் செய்பவர்களுக்கு அது இன்னும் கடினம். விரைவாகத் தீர்ப்புச் சொல்வதையே திறமை என்று கருதிப் பழகியவர்கள் அவர்கள்.

பயிற்சி மிக எளிது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூச்சு வந்து போவதைக் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கவோ இழுக்கவோ தேவையில்லை. சில நொடிகளில் மனம் வேறெங்கோ போய்விடும்: வரவேண்டிய பாக்கி, நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல், மாலையில் வாங்க வேண்டிய பொருள். போய்விட்டது என்று தெரியவரும்போது, கோபப்படாமல் மீண்டும் மூச்சுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். மனதில் எண்ணமே இல்லாமல் செய்வதுதான் தியானம் என்ற தவறான கருத்து பலரை முதல் வாரத்திலேயே விரட்டிவிடுகிறது. உண்மையில், மனம் பராக்குப் பார்க்கப் போய்விட்டது என்று நமக்குத் தெரியவரும் அந்தக் கணம்தான் பயிற்சி. அது ஓர் அமர்வில் இருபது முறை நேர்ந்தால், இருபது முறை பயிற்சி நடந்தது என்று பொருள்.

இது நிறுவனங்களுக்குள் நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் பிறந்த பொறியாளர் சேட்-மெங் டான், 2007-இல் கூகுள் நிறுவன ஊழியர்களுக்கு இத்தகைய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். ஏட்னா என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்த மார்க் பெர்டோலினி, 2004-இல் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, யோகமும் தியானமும் வலியைத் தாங்க உதவியதை உணர்ந்து, அவற்றைத் தம் ஊழியர்களுக்கும் கொண்டுசென்றார். அதே நிறுவனம் 2015-இல் தன் கடைநிலை ஊழியர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 16 டாலராக உயர்த்தியது. தியானம் செய்ததனால் மட்டுமே ஊதியம் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கருத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள, என்னைக் கேட்டால், கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. ஜப்பானின் கியோட்டோ நகரில், ஒரு பீங்கான் உலைக்கு முன்னால் போய் நின்றால் போதும்.

பின்னாளில் ஜப்பானின் பெரும் தொழிலதிபர்களுள் ஒருவரான கசுவோ இனமோரி, 1932-இல் அந்நாட்டின் ககோஷிமாவில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை முடித்து 1955-இல் கியோட்டோவில் அவர் வேலைக்குச் சேர்ந்த பீங்கான் நிறுவனம் நொடித்துக்கொண்டிருந்தது. சம்பளம்கூட நாள் தவறி வந்தது. உடன் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினர். அவரும் விலகத்தான் பார்த்தார். போவதற்கு வழி அமையவில்லை. வேறு போக்கிடம் இல்லாத நிலையில், குறை சொல்வதை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் ஆராய்ச்சியில் இறங்குவது என்று முடிவெடுத்தார். சட்டி பானைகளை ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுவந்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, பெரும்பாலான நேரத்தை அங்கேயே கழித்தார்.

அவர் அப்போது செய்துகொண்டிருந்தது, தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் பயன்படும் மின்காப்புப் பீங்கானுக்கான ஃபோர்ஸ்டரைட் என்ற பொருளை உருவாக்கும் வேலை. அந்தப் பொடி உலர்ந்த மாவைப் போல உதிர்ந்தது; உருப்பிடிக்க மறுத்தது. வழக்கப்படி களிமண் கலந்தால் ஒட்டும். ஆனால் மாசு சேர்ந்துவிடும். நாள்கணக்கில் இதே சிந்தனையாக இருந்தவர், ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் எதன் மேலோ கால் இடறினார். குனிந்து பார்த்தபோது, மூத்த ஆய்வாளர் ஒருவர் வைத்திருந்த பாரஃபின் மெழுகு காலணியில் ஒட்டியிருந்தது. யார் இதை நடைவழியில் வைத்தது என்று கத்தப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். பொடியோடு மெழுகைச் சேர்த்துச் சட்டியில் வறுப்பது போல் சூடாக்கிக் கிளறினால், ஒவ்வொரு துகளின் மேலும் மெழுகு படியும், அச்சில் அழுத்தினால் உருப்பிடிக்கும், உலையில் வைத்தால் மெழுகு எரிந்து மறைந்துவிடும், மாசும் தங்காது. அப்படியே ஆயிற்று.

அதிர்ஷ்டம் என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்த மெழுகின் மேல் அன்று வேறு யார் இடறியிருந்தாலும், அவர்கள் கண்டிருக்கக்கூடியது எரிச்சல் மூட்டும் ஓர் அழுக்கை மட்டுமே. அவருக்கும் முதலில் எழுந்தது எரிச்சல்தான். அந்த எரிச்சலுக்கும் அடுத்து வரவிருந்த சுடுசொல்லுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி அவருக்குக் கிடைத்தது. அந்த இடைவெளியில் அவர் பொருளைப் பார்த்தார். முழுக்கவனத்துக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள உறவு என்று நான் புரிந்துகொண்டிருப்பது இந்த இடைவெளியைத்தான்.

உலையின் கதை இதைவிடவும் தெளிவானது. 1959-இல் 28 பேரோடு கியோட்டோ செராமிக் என்ற நிறுவனத்தை அவர் தொடங்கினார். இன்று கியோசெரா என்ற பெயரில் இயங்கும் பெரிய நிறுவனம் அதுதான். தொடக்கக் காலத்தில், மின்னணுக் கருவிகளுக்கான தட்டையான பீங்கான் தகடுகளை உலையில் சுடும்போது, அவை சுட்ட அப்பளம் போல் இப்படியும் அப்படியும் வளைந்தன. அச்சில் அழுத்தும்போது தகட்டின் மேற்புறத்துக்கும் கீழ்ப்புறத்துக்கும் அடர்த்தி சிறிது மாறுகிறது, அதனால் சுருங்கும் அளவும் மாறுகிறது என்ற காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். காரணம் தெரிந்தும் சரிசெய்ய முடியவில்லை. இறுதியில் இனமோரி உலையில் சிறு துளை ஒன்றை அமைத்து, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பம் ஏற ஏற, தகடு உயிருள்ளதைப் போல மெல்ல நெளிந்து வளைவதைக் கண்டார். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அது. ஆனாலும் உள்ளே கையை விட்டு அதை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு எழுந்தது. அந்த உந்துதலிலேயே விடை இருந்தது. வெப்பம் தாங்கும் கனமான பலகை ஒன்றைத் தகட்டின் மேல் பாரமாக வைத்துச் சுட்டார்கள். தகடு தட்டையாகவே வெளிவந்தது.

கணக்கும் காரணமும் அறிந்த பின்னும் கிடைக்காத தீர்வு, நின்று பார்த்தபோது கிடைத்தது. பொருள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவர் தம் தொழிலாளர்களிடம் சொல்லிவந்தது வெறும் அலங்காரப் பேச்சு அன்று. மற்றொரு முறை, பெரிய குளிர்விப்புக் குழாய் ஒன்று காயும்போது ஒருபக்கம் சீக்கிரம் உலர்ந்து வெடித்துவிடுவதைக் கண்டு, இளஞ்சூடான உலையின் அருகே அதை அணைத்தபடி படுத்து, இரவு முழுவதும் மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் பக்கத்தில் தாய் விழித்திருக்கும் கவனம் அது.

இந்த வகைக் கவனத்துக்கு அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பது தானாக நிகழும் கவனம். சின்னஞ்சிறு செயலிலும் நாமே நோக்கத்தோடு கொண்டுபோய் வைப்பது வேண்டுமென்றே செலுத்தும் கவனம். இந்தப் பாகுபாட்டை அவர் நகமுரா டெம்பூ என்ற ஆசானின் போதனையிலிருந்து பெற்றார். அந்த ஆசான் இமயமலைப் பகுதியில் ஒரு யோகியிடம் பயின்றவர் என்று சொல்லப்படுகிறது. கபாட்-ஸின் சொன்ன 'வேண்டுமென்றே' என்ற அதே சொல் இங்கேயும் வருவதைக் கவனியுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்ற கேள்வி இங்கே எழும். அடக்கமாகவே பதில் சொல்ல வேண்டும். 2014-இல் 47 மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, தியானப் பயிற்சி பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைக்கிறது என்று கண்டது. எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்து என்று அது சொல்லவில்லை. படைப்பாற்றல் குறித்து நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு சுவையான வேறுபாடு ஒன்றைக் காட்டியது. ஒன்றின் மேல் மட்டும் மனதை நிறுத்தும் தியானத்தைவிட, வருவது எதுவாயினும் தடுக்காமல் கவனித்திருக்கும் தியானத்துக்குப் பிறகே, ஒரு பொருளுக்குப் பல புதுப் பயன்களை யோசிக்கும் திறன் மேம்பட்டது. மெழுகுக் கதையில் இரண்டுமே இருக்கின்றன என்பது என் எண்ணம். ஒரே சிக்கலைப் பல நாள் விடாமல் பற்றியிருந்தார். இடறிய கணத்தில் வந்ததை வரவிட்டார். முன்னது இல்லையென்றால் பின்னதற்கு வேலையே இருந்திராது.

தொழிலுக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு முடிவும் உண்டு. கைவிட வேண்டிய ஒரு முயற்சியில், 'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்பதற்காகவே மேலும் பணத்தைப் போட்டுக்கொண்டிருப்பது எல்லாத் தொழிலிலும் உள்ள நோய். மூச்சைக் கவனிக்கும் 15 நிமிடப் பயிற்சிக்குப் பிறகு முடிவெடுத்தவர்கள் இந்த வலையில் குறைவாகவே சிக்கினார்கள் என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கவனம் இந்தக் கணத்துக்கு வரும்போது, போன பணத்தின் வருத்தம் சற்று விலகி நிற்கிறது போலும்.

இதுவரை சொன்னது கண்ணைப் பற்றி. பாதிக் கதைதான் இது. கருத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால், முழுக்கவனம் வெறும் திறன் கூட்டும் கருவியாக நின்றுவிடும். தலைமை என்ற இடத்தை அது எட்டாது.

1961-இல், முந்தைய ஆண்டு பள்ளிப் படிப்பு முடித்துச் சேர்ந்த 11 இளம் தொழிலாளர்கள், ஆண்டுதோறும் ஊதிய உயர்வும் போனஸும் உறுதி என்று எழுதித்தர வேண்டும், இல்லையேல் எல்லோரும் விலகிவிடுவோம் என்று இனமோரியிடம் மனு கொடுத்தார்கள். நிறுவனத்துக்கு அப்போது இரண்டு வயதுதான். நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. தெரியாததை உறுதி என்று சொன்னால் அது பொய். அவர்களைத் தம் சிறிய வீட்டுக்கு அழைத்துச் சென்று மூன்று நாள் பேசினார். இறுதியில் அவர்கள் அவரை நம்பித் தங்கினார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு அவருக்கு நிம்மதி வரவில்லை, மனம் கனத்தது. ஊரில் இருக்கும் சொந்தப் பெற்றோரையும் உடன்பிறந்தோரையுமே சரியாகக் கவனிக்க முடியாதவன், யாரோ பெற்ற பிள்ளைகளின் வாழ்நாள் முழுமைக்கும் எப்படிப் பொறுப்பேற்பது என்ற கசப்பு அவருக்குள் எழுந்தது.

அந்தக் கசப்பை அவர் உதறித் தள்ளிவிடவில்லை, அதைப் பார்த்தார். பார்த்தபோது, இந்த நிறுவனத்தைத் தாம் தொடங்கியதே தம்முடைய தொழில்நுட்பம் சிறந்தது என்று உலகுக்குக் காட்டத்தான் என்பது தெரியவந்தது. அந்த நோக்கத்துக்காகத் தங்கள் இளமையைக் கொடுக்க அந்தப் பதினொரு பேருக்கு எந்தக் காரணமும் இல்லை. சில வாரப் போராட்டத்துக்குப் பிறகு நிறுவனத்தின் நோக்கத்தையே மாற்றி எழுதினார்: ஊழியர்கள் அனைவரின் பொருள் நலத்தையும் மன நலத்தையும் பேணுவது, அதோடு மனித சமுதாயத்தின் முன்னேற்றத்துக்குப் பங்களிப்பது. தன்மாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். புதிய பழக்கங்களைச் சேர்த்துக்கொள்வதோடு அது முடிந்துவிடுவதில்லை. எதற்காக இதைச் செய்கிறேன் என்பதற்கு உள்ளே இருந்த பழைய விடையைக் கண்டு, அது போதாது என்று ஒப்புக்கொண்டு, வேறு விடைக்கு இடம் கொடுப்பது.

இந்தக் கேள்வி அவரிடம் பின்னர் ஒரு பயிற்சியாகவே ஆயிற்று. ஜப்பானின் தொலைபேசித் துறையில் தனியார் நுழைய வழி திறந்தபோது, மாபெரும் நிறுவனம் ஒன்றின் ஏகபோகத்தை எதிர்த்து நெடுந்தூர அழைப்புகளின் கட்டணத்தைக் குறைக்க ஒரு நிறுவனம் தொடங்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அத்துறை அவருக்குப் புதிது. ஏறத்தாழ ஆறு மாதங்கள், ஒவ்வோர் இரவும் படுக்கைக்குப் போகும் முன் தம்மையே கேட்டுக்கொண்டார்: என் நோக்கம் நல்லதுதானா? இதில் என் சுயநலம் கலந்திருக்கவில்லையா? புகழுக்காகவா, பணத்துக்காகவா, மக்களுக்காகவா? ஐயம் தீர்ந்த பிறகே 1984-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஊழியர்களுக்குப் பங்குகள் வாங்க வாய்ப்பளித்த அவர், தம் பெயரில் ஒரு பங்குகூட வைத்துக்கொள்ளவில்லை. இன்று கேடிடிஐ என்ற பெயரில் ஜப்பானின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றாக இருப்பது அதிலிருந்து வளர்ந்ததே.

கண் மட்டும் போதாது என்பதற்கு அண்மைக் கால ஆய்விலும் சான்று உண்டு. 2022-இல் வெளியான, பல சோதனைகளைக் கொண்ட ஓர் ஆய்வில், பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்துபவர்கள் மூச்சைக் கவனிக்கும் தியானம் செய்தபோது, அவர்களுடைய குற்ற உணர்வு தணிந்தது. கூடவே, செய்த தீங்கைச் சரிசெய்யும் விருப்பமும் குறைந்தது. பிறர் நலத்தை மனதில் எண்ணும் அன்புத் தியானத்தைச் செய்தவர்களிடம் அந்த விருப்பம் அவ்வாறு குறையவில்லை. ஊழியரைக் காரணமின்றித் திட்டிவிட்டு, அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் கண் மூடி அமைதியாகி, மன்னிப்புக் கேட்காமலே வீட்டுக்குப் போகும் முதலாளியை உருவாக்கவும் இந்தப் பயிற்சியால் முடியும் என்பதே இதன் பொருள். நிறுவனங்களில் இதைக் கற்பிப்பவர்கள் இந்த ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனமோரியைக் குறையற்றவராகக் காட்டுவதும் முறையாகாது. 1985-இல், அரசின் அனுமதி பெறாத செயற்கை மூட்டை மருத்துவமனைகளுக்கு வழங்கியதற்காகக் கியோசெரா கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மனமுடைந்த அவர், ஜென் என்ற பௌத்தப் பிரிவின் குரு ஒருவரிடம் போய் நின்றார். இனமோரி தம் ஊழியர்களிடம் எதிர்பார்த்த உழைப்பு மிக அதிகம் என்ற விமர்சனமும் நியாயமானதே. 1997-இல், வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்த சில மாதங்களிலேயே, கியோட்டோ அருகே என்புகுஜி என்ற ஜென் மடத்தில் துறவறத் தீட்சை பெற்றார். வைக்கோல் செருப்பு அணிந்து, கால்விரல்கள் புண்ணாகி, பிச்சைப் பாத்திரத்தோடு வீடு வீடாக நின்று களைத்துத் திரும்பும்போது, பூங்காவில் சருகு கூட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் துடைப்பமும் கையுமாக வந்து, ஏதாவது வாங்கிச் சாப்பிடச் சொல்லி 500 யென் நாணயத்தைக் கொடுத்தார். அந்தக் கணத்தில் உடல் முழுவதும் பரவிய மகிழ்ச்சியைத் தம் வாழ்வில் அதற்கு முன் உணர்ந்ததில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். பெருஞ்செல்வர் ஒருவர், தம்மைவிட மிக எளிய ஒருவரிடம் கையேந்திப் பெற்றபோது அடைந்த மகிழ்ச்சி அது.

2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏறத்தாழ 2.3 டிரில்லியன் யென் கடனோடு திவாலானது. அரசு அழைத்தபோது, 78 வயதில், சம்பளம் எதுவும் வாங்காமல் இனமோரி அதன் தலைவராகப் பொறுப்பேற்றார். உயர் அதிகாரிகளை உட்காரவைத்துப் பொய் சொல்லாதே, பேராசைப்படாதே, பிறருக்கு நன்றி சொல் என்ற அளவிலான பாடங்களிலிருந்து தொடங்கினார். சிறுபிள்ளைப் பாடமா என்று அவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மறுபுறம், ஒவ்வொரு விமானத்தடத்தின் வரவு செலவும் உடனுக்குடன் தெரியும்படி கணக்குமுறையை மாற்றினார்; அதுவரை எந்தத் தடம் நட்டம் தருகிறது என்பதே காலம் கடந்துதான் தெரியவந்தது. உலையில் துளை போட்டுப் பார்த்த அதே கண் இது. 2012 செப்டம்பரில் நிறுவனம் மீண்டும் டோக்கியோ பங்குச் சந்தைக்கு வந்தது. அரசின் நிதியுதவியும், கடன் தள்ளுபடியும், ஏறத்தாழ 16,000 பேரின் வேலையிழப்பும் அந்த மீட்சியில் அடக்கம் என்பதையும் மறைக்கக் கூடாது.

தமிழ் வாசகருக்கு இந்தத் தன்னாய்வு புதிய செய்தியாக இருக்காது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்து, கைத்தறித் தொழில் நடத்திய வேதாத்திரி மகரிஷி, தியானத்தோடு 'அகத்தாய்வு' என்பதையும் பிரிக்க முடியாதபடி சேர்த்தே கற்பித்தார். எண்ணத்தை ஆராய்வதும், ஆசையைச் சீரமைப்பதும், சினம் தவிர்ப்பதும், கவலை ஒழிப்பதும் அதன் பாடங்கள். தொழில் செய்த ஒருவர், கண் மூடி உட்கார்ந்தால் மட்டும் போதாது, உள்ளே கிடப்பதை எடுத்துப் பார்க்கவும் வேண்டும் என்று வலியுறுத்தியது தற்செயலாக இருக்க முடியாது.

தொடங்க விரும்புபவர், கடையோ அலுவலகமோ திறப்பதற்கு முன் பத்து நிமிடம் மூச்சைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம். ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ணிப் பார்க்கலாம். முதல் வாரம் முழுவதும் என் எண்ணிக்கை நான்கைத் தாண்டியதில்லை. அதற்குள் நான் அறியாமலே மனம் வேறெங்கோ போயிருக்கும். இது எல்லோருக்கும் நேர்வதுதான். தீவிரமான மனச்சோர்விலோ பழைய அதிர்ச்சியின் பாதிப்பிலோ இருப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. மௌனமாக உட்காரும்போது சிலருக்குத் துன்பம் கூடுவதும் உண்டு.

அதைவிட முக்கியம், நாளுக்கு ஓர் உரையாடலையாவது முழுக்கவனத்தோடு நடத்துவது. ஒரு சிறு தறிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, மூணாம் தறியில மறுபடியும் நூல் அறுந்துகிட்டே இருக்கு" என்கிறார். முதலாளி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போன வாரந்தானே சரி பண்ணோம், பார்த்து ஓட்டச் சொல்லு" என்று சொல்லிவிடுகிறார். மேஸ்திரி போய்விடுகிறார், இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் அவர். இதே இடத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழும் எரிச்சலை எரிச்சல் என்று அறிந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "எந்த நேரத்துல அறுகுது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். மதியத்துக்கு மேல்தான் அறுகிறது என்பார். மதியத்துக்கு மேல் என்ன மாறுகிறது? வெயில், காற்றின் ஈரம், ஆள் மாற்றம், புதிதாகப் பிரித்த நூல். யோசிக்க இப்போது ஏதோ கிடைத்திருக்கிறது. அடுத்த முறை சிக்கல் சிறிதாக இருக்கும்போதே மேஸ்திரி வந்து சொல்வார் என்பது இதன் பெரிய பயன்.

இரவில், இனமோரி கேட்ட கேள்வியை உங்கள் அளவில் கேட்டுப் பாருங்கள். அடுத்த தெருவில் இரண்டாவது கிளை திறக்கும் எண்ணம் இருக்கிறதென்றால், வாடிக்கையாளர் உண்மையிலேயே காத்து நிற்பதாலா, போட்டிக் கடைக்காரர் ஒன்று திறந்துவிட்டதாலா என்று கேட்கலாம். முதல் இரவில் வரும் பதில் பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே இருக்கும். ஆகவே அதை நம்பிவிடாமல் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்து, மறுநாள் இரவும் கேட்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் நோட்டைப் புரட்டினால், விடை மெல்ல மாறி வந்திருப்பது தெரியும். கிளை தேவைதான் என்று உறுதிப்படலாம். அல்லது, இருக்கிற கடையிலேயே பில் போடும் மேசையை வாசல் பக்கத்திலிருந்து உள்ளே நகர்த்தினால் கூட்டம் குறைந்துவிடும் என்பது அப்போதுதான் கண்ணில் படலாம்.